உலக வறுமையை ஒழிக்க அரசைச் செயல்பட வைப்பது எப்படி? மாணவத் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தான்சானியா 2001-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை ரத்து செய்தது. பணமில்லாமல் வீட்டில் நின்றுவிட்ட பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த முடிவை அரசு எடுக்க முடிந்ததில், வெளிநாட்டுக் கடன் சுமை குறைந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கடன் தானாகக் குறையவில்லை. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று, இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்திய மார்ட்டின் டென்ட் 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனை, 'ஜூபிலி 2000' என்ற இயக்கமாக வளர்ந்தது. 1998 மே 16 அன்று ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஜி8 மாநாட்டில் கடன் தள்ளுபடித் திட்டம் விரிவாக்கப்பட்டது.

வறுமைக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று மாணவர்கள் கூடினால் முதலில் பேச்சு போவது நிதி திரட்டுவதை நோக்கித்தான். நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் எய்ட்ஸுக்கு எதிராக அமெரிக்க அரசு 2003-இல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பு 1,500 கோடி டாலர். எந்தக் கல்லூரி விழாவும் அதைத் திரட்டிவிட முடியாது. அந்த அளவுக்குப் பணமும் அதிகாரமும் அரசுகளிடம்தான் இருக்கின்றன. அரசிடம் எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படி 1: எண்களைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

எம்.பி. ஒருவரின் உதவியாளர் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லும் அளவுக்குத் தெரிந்தால் போதும். முனைவர் பட்டம் தேவையில்லை.

கடும் வறுமைக்கு உலக வங்கி வைத்திருக்கும் கோடு, 2025 ஜூன் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். அதற்கு முன் 2.15 டாலர், அதற்கும் முன் 1.90. இந்த 3 டாலரைச் சந்தை மாற்று விகிதத்தில் உள்ளூர்ப் பணமாக்கிப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு என்னென்ன வாங்கலாமோ அவற்றை அந்த நாட்டில் வாங்க எவ்வளவு ஆகுமோ, அதுதான் கணக்கு. பழைய கோட்டின்படி சுமார் 70 கோடிப் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். புதிய கோட்டின்படி சுமார் 80 கோடி. திடீரென்று 10 கோடிப் பேர் ஏழையாகிவிடவில்லை, அளவுகோல் மாறியது. இரண்டையும் கலந்து ஒரே துண்டறிக்கையில் போட்டால் விஷயம் தெரிந்தவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்.

இன்னொரு எண் 0.7. வளர்ந்த நாடுகள் தங்கள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970 அக்டோபர் 24 அன்று தீர்மானம் போட்டது. 2024-இல் அந்த அளவைத் தாண்டியவை நான்கே நாடுகள்: நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். முதற்கட்டக் கணக்கின்படி கொடை நாடுகளின் சராசரி 0.33 சதவீதம். அதே கணக்கின்படி அந்த ஆண்டில் மொத்த உதவி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 7.1 சதவீதம் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டே மூடப்பட்டு, எஞ்சிய வேலைகள் வெளியுறவுத் துறைக்குப் போயின. நீங்கள் களத்தில் இறங்கும் காலம் இது. கூடுதலாகக் கேட்பதோடு, இருப்பதை வெட்டவிடாமல் காப்பதும் இப்போது உங்கள் வேலை.

பொதுமக்களின் நினைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கைசர் அறக்கட்டளை எடுத்த கருத்துக்கணிப்புகளில், மத்திய அரசுச் செலவில் கால்வாசி வெளிநாட்டு உதவிக்குப் போவதாக மக்கள் சராசரியாக நினைத்தார்கள். உண்மையில் போனது சுமார் ஒரு சதவீதம். 'ஏற்கெனவே நிறையக் கொடுக்கிறோமே' என்ற எதிர்ப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

படி 2: உங்கள் அரசின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லா அரசும் ஒரே வேலையைச் செய்ய முடியாது. பணம் கொடுக்கும் நாடாக இருந்தால் பட்ஜெட்டில் கேட்கலாம். கடன் கொடுத்த நாடாக இருந்தால் தள்ளுபடியையோ தவணைத் தளர்வையோ கேட்கலாம். கடனில் மூழ்கிய நாடாக இருந்தால், வாங்கும் கடனை வெளிப்படையாக அறிவிக்கச் சொல்லியும், கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகும் பணத்தைக் காக்கச் சொல்லியும் கேட்கலாம். அநேகமாக எல்லா அரசுகளுக்கும் உலக வங்கியிலும் சர்வதேச நாணய நிதியத்திலும் (ஐ.எம்.எஃப்.) ஓட்டு உண்டு. அந்த ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்கிற உரிமை உங்களுக்கும் உண்டு.

சில அரசுகளின் கையில் பணத்தைவிட வலுவான ஒன்று இருக்கிறது. ஏழை நாடுகள் தனியாருக்கு விற்ற கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துச் சட்டத்துக்கோ நியூயார்க் சட்டத்துக்கோ உட்பட்டவை. திவாலான நாட்டின் கடனை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு முழுத் தொகைக்கும் வழக்குப் போடும் நிதி நிறுவனங்கள் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 2010-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உதவிப் பணத்தைக் கூட்டாமலே, ஒரு சட்டத்தால் ஏழை நாடுகளின் பணத்தைக் காப்பாற்ற முடிந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ படிக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முடிவு அரசிடம் இல்லாமல் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கவும் கூடும். ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 2001-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, தென்னாப்பிரிக்காவில் மலிவான மாற்று மருந்தை அனுமதிக்கச் சொல்லி யேலிடம் கேட்டது. மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள், மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃப் அவர்களுக்குத் துணை நின்றார். சில வாரங்களில், யேலிடம் உரிமம் பெற்று அந்த மருந்தை விற்ற நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. எங்கே தட்ட வேண்டும் என்று சரியாகத் தெரிந்ததுதான் அங்கே பாதி வேலை.

படி 3: ஒரே ஒரு கோரிக்கை

'வறுமையை ஒழிக்க நடவடிக்கை எடுங்கள்' என்று கேட்டால் எந்த அரசியல்வாதியும் 'கண்டிப்பாக' என்பார், உங்களோடு படமும் எடுத்துக்கொள்வார். அதோடு முடிந்தது. கோரிக்கை எப்படி இருக்க வேண்டுமென்றால், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது செய்தாரா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக: 'எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான குளோபல் ஃபண்டுக்கு, நம் அரசு சென்ற முறை கொடுத்ததற்குக் குறையாமல் இந்த முறையும் கொடுக்க வேண்டும் என்று பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சருக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டும்.' இதில் யார், எதை, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் இருக்கின்றன. எம்.பி. தன் கையால் செய்து முடிக்கக்கூடிய காரியமாகவும் இருக்கிறது.

கோரிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமாக்கலாம். முதல் சந்திப்பில் அமைச்சருக்கு ஒரு கடிதம். அடுத்து நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி. அப்புறம் மற்ற எம்.பி.க்களைச் சேர்த்து ஒரு கூட்டுக் கடிதம். பிறகு பட்ஜெட் விவாதத்தில் ஒரு பேச்சு. முதல் நாளே பெரியதைக் கேட்டால் மறுப்பது அவருக்குச் சுலபம்.

படி 4: நாட்காட்டி

பட்ஜெட் அறிவித்த பிறகு பட்ஜெட்டைப் பற்றிக் கடிதம் எழுதுவது வீண். பெரும்பாலான அரசுகளில் துறைகள் தங்கள் ஒதுக்கீட்டுக் கணக்கைப் பல மாதங்களுக்கு முன்பே தயாரித்துவிடுகின்றன. அந்த நேரத்தில்தான் உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும். உங்கள் நாட்டின் நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

சர்வதேச நிதிகளுக்கும் தனி நாட்காட்டி உண்டு. குளோபல் ஃபண்டும், மிக ஏழை நாடுகளுக்கு உதவும் உலக வங்கியின் ஐ.டி.ஏ.வும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிதி கேட்கின்றன. தடுப்பூசிக் கூட்டணியான காவி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கொடை மாநாட்டுக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அக்டோபர் 17 ஐ.நா.வின் வறுமை ஒழிப்பு நாள். அன்று கூட்டம் போடுவது நல்லதுதான், ஆனால் முடிவு எடுக்கப்படும் நாள் அதுவாக இருப்பதில்லை.

இதன் பக்கத்தில் உங்கள் தேர்வு அட்டவணையையும் வையுங்கள். பட்ஜெட் சூடுபிடிக்கும் வாரமும் தேர்வு வாரமும் ஒன்றாக வந்தால், கடிதங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

படி 5: சிறிய குழு, தெளிவான விதிகள்

ஐந்தாறு பேர் உறுதியாக இருந்தால் போதும். ஒருவர் எம்.பி. அலுவலகத்தோடு பேசுபவர், ஒருவர் தகவல் சரிபார்ப்பவர், ஒருவர் புதியவர்களைச் சேர்ப்பவர். மற்றதைப் பகிர்ந்துகொள்ளலாம். தகவல் சரிபார்ப்பவர் 'இது சரியில்லை' என்று சொன்னால் அது வெளியே போகக் கூடாது.

கட்சி சாராமல் இருங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் உங்களுக்கு ஆள் வேண்டும். இன்றைய எதிர்க்கட்சி நாளைய அமைச்சரவை. அமெரிக்காவின் எய்ட்ஸ் திட்டம் குடியரசுக் கட்சி அதிபரின் காலத்தில், இரு கட்சியினரின் ஓட்டோடு நிறைவேறியது. உங்கள் அமைப்பு தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், தேர்தல் பிரசாரம் பற்றி அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு விசாவில் படிக்கும் நண்பர்கள் பொதுப் போராட்டத்தில் நிற்பதற்கு முன் தங்கள் விசா நிபந்தனைகளைப் படிக்கட்டும். அவர்கள் பெயர் வெளியே வராத வேலைகளும் நிறைய இருக்கின்றன. யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

படி 6: கடிதம்

ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் பொத்தானை அழுத்தி அனுப்பினால், அலுவலகம் அதை ஒரே குவியலாக எண்ணி வைக்கும். சொந்த வார்த்தையில் எழுதிய பத்துக் கடிதங்களை யாராவது உட்கார்ந்து படித்தாக வேண்டும். அதனால் மாதிரிக் கடிதத்தை அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். ஒரு கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் கையால் எழுதச் சொல்லுங்கள். அமைப்பு இதைப் போல இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். நான் உங்கள் தொகுதியில் வசிக்கும் செவிலியர் கல்லூரி மாணவி. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோயில் ஒரு குழந்தை இறப்பதை ஏற்க முடியாததால் இதை எழுதுகிறேன். 1990-இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். 2022-இல் அது ஐம்பது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. தடுப்பூசிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காவி கூட்டணிக்கு நம் அரசு தரும் தொகையைக் குறைக்க வேண்டாம் என்று பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சரிடம் எழுத்தில் கேட்பீர்களா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.'

அவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'நான் உங்கள் தொகுதி' என்ற வரி முதலிலேயே வர வேண்டும், முகவரியும் இருக்க வேண்டும். கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். யாரோடு பேசினீர்கள் என்று பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நேரில் சந்திப்பு

மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான். இன்னும் முடிவெடுக்காத ஒரு எம்.பி.யின் மனதைத் தொகுதி மக்களின் நேரடிச் சந்திப்பு அசைக்கும் அளவுக்கு வேறெதுவும் அசைப்பதில்லை. மாணவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: சொந்த லாபத்துக்காக வந்திருக்கிறார்கள் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போவதற்கு முன் அவரைப் பற்றிப் படியுங்கள். எந்தக் குழுவில் இருக்கிறார், முன்பு எப்படி ஓட்டளித்தார், அரசியலுக்கு வருமுன் என்ன செய்தார். ஆசிரியராக இருந்தவரிடம் பள்ளியிலிருந்து தொடங்குங்கள், மருத்துவரிடம் காசநோயிலிருந்து. நான்கு பேர் போதும். ஒருவர் அறிமுகம் செய்து நன்றி சொல்வார், ஒருவர் விஷயத்தைச் சொல்வார், ஒருவர் கோரிக்கை வைப்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். கோரிக்கை வைப்பவர் கேட்டு முடித்ததும் அமைதியாகக் காத்திருக்க வேண்டும். பதற்றத்தில் நாமே பேச்சைத் தொடர்ந்து, பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கு வழி விட்டுவிடுகிறோம். இந்த ஒன்றை மட்டும் ஒத்திகையில் பலமுறை பழகுங்கள்.

1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ரிசல்ட்ஸ்' என்ற தன்னார்வலர் அமைப்பு ஒரு நல்ல முறையைப் பழக்குகிறது. முதலில் கேட்பவரின் கவனத்தைப் பிடிக்க வேண்டும், அடுத்து சிக்கலைச் சொல்ல வேண்டும், பிறகு தீர்வு வேலை செய்கிறது என்பதைக் காட்ட வேண்டும், கடைசியில் கோரிக்கை. மொத்தமும் இரண்டு நிமிடத்துக்குள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். துயரத்தை மட்டும் கேட்டவர் மனம் கனத்து உட்காருவார், தீர்வையும் கேட்டால்தான் கையெழுத்துப் போடுவார்.

எம்.பி. வராமல் உதவியாளர் வந்தால் ஏமாற்றத்தைக் காட்டாதீர்கள். கொள்கைக் குறிப்புகளை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

கடினமான கேள்விகள் வரும். மூன்று எப்போதும் வரும்.

'நம் நாட்டிலேயே ஏழைகள் இருக்கிறார்களே?' இதை அலட்சியப்படுத்தாதீர்கள், கேட்பவரின் அக்கறை நியாயமானது. இங்குள்ள ஏழைகளுக்கான திட்டங்களையும் நீங்கள் ஆதரிப்பதைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் நாட்டின் வருமானத்தில் எவ்வளவு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்ற எண்ணை வையுங்கள். அதை வெட்டினால் உள்ளூர் ஏழைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவரே கணக்குப் போடுவார்.

'உதவிப் பணம் ஊழலில் போகிறதே?' சில இடங்களில் போயிருக்கிறது, மறுக்க வேண்டாம். நல்ல திட்டங்கள் அதற்கு என்ன செய்கின்றன என்று சொல்லுங்கள். குளோபல் ஃபண்டில் தனி ஆய்வு அலுவலகம் இருக்கிறது, முறைகேடு பற்றிய அறிக்கைகளைப் பொதுவெளியில் வெளியிடுகிறது. காவியின் தடுப்பூசிகளைப் பெரும்பாலும் யுனிசெஃப் மொத்தமாக வாங்கி மருந்தாகவே நாடுகளுக்கு அனுப்புகிறது.

'எத்தனை காலம்தான் கொடுப்பது?' தென்கொரியா ஒரு காலத்தில் உதவியை நம்பியிருந்த நாடு. 2010 முதல், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கொடை நாடுகள் குழுவில் இருக்கிறது. காவியிடமிருந்து தடுப்பூசிக்கு உதவி பெற்ற இந்தோனேசியா இன்று காவிக்கே நிதி கொடுக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு கொடுப்பது முடிவில்லாமல் போகும் என்று பயப்படுபவருக்கு இந்த இரண்டு நாடுகளும் நல்ல பதில்.

தெரியாத கேள்வி வந்தால், 'சரிபார்த்து நாளைக்குள் அனுப்புகிறோம்' என்று சொல்லி, அப்படியே அனுப்புங்கள். அடுத்த சந்திப்புக்கு அதுவே காரணமாகிவிடும். வெளியே வந்ததும், எல்லோருக்கும் நினைவு பசுமையாக இருக்கும்போதே, அவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். அன்றே நன்றி மின்னஞ்சல் அனுப்பி, ஒப்புக்கொண்டதை அதில் குறிப்பிடுங்கள்.

படி 8: ஏழைகளைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள்

எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தைப் போஸ்டரில் போட்டால் பார்ப்பவர் நிற்பார் என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். அந்தக் குழந்தையிடமோ அதன் தாயிடமோ யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். நார்வேயின் மாணவர்-கல்வியாளர் அமைப்பான சாய், 2012-இல் ஒரு காணொலி வெளியிட்டது. குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் அறை சூடாக்கும் கருவிகளைத் திரட்டி அனுப்புவதாக அதில் காட்டினார்கள். தலைகீழாக்கிக் காட்டியபோதுதான் வழக்கமான விளம்பரங்கள் எவ்வளவு அவமானப்படுத்துபவை என்று பலருக்கு உறைத்தது.

நீங்கள் பேசும் நாடுகளிலிருந்து வந்து உங்களோடு படிப்பவர்கள் இருப்பார்கள். திட்டமிடும் மேசையில் அவர்களுக்கு இடம் கொடுங்கள், என்ன கேட்பது என்பதைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கண்ணீர்க் கதை சொல்ல மட்டும் மேடைக்குக் கூப்பிடுவது வேறொரு வகைச் சுரண்டல்.

படி 9: வெளியே சத்தம், உள்ளே பேச்சு

நாளிதழுக்கு எழுதும் வாசகர் கடிதம் சின்ன வேலை. ஆனால் எம்.பி.யின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அவர் அலுவலகம் அதைக் கத்தரித்து வைக்கும். நல்லது செய்தால் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். வாக்கு தவறினால், முதலில் நேரில் கேட்டுவிட்டு, அப்புறம் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊர்வலம், கையெழுத்து இயக்கம், சமூக ஊடகம் எல்லாம் உள்ளே நடக்கும் பேச்சுக்கு வலு சேர்க்கும்போது பயன்படுகின்றன. கையெழுத்துத் தாள்களை யாரிடம், எந்த நாளில் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவாகும் வரை கையெழுத்து வாங்கத் தொடங்காதீர்கள்.

படி 10: வாக்குறுதியைத் துரத்துங்கள்

2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகில்ஸில் நடந்த ஜி8 மாநாட்டுக்கு முன் எடின்பரோ தெருக்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். தலைவர்கள் இரண்டு வாக்குறுதி தந்தார்கள். கடன் தள்ளுபடி நடந்தது. ஆப்பிரிக்காவுக்கு 2010-க்குள் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் கூடுதல் உதவி என்றார்கள், அதில் பாதிகூட வந்து சேரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கணக்குக் கேட்டவர்கள் குறைவு.

சட்டமே வந்தாலும் வேலை முடியாது. 0.7 சதவீதத்தை பிரிட்டன் 2015-இல் சட்டமாக்கியது. 2021-இல் 0.5 ஆகக் குறைத்துவிட்டது. ஏன் முடிந்தது? இலக்கைத் தவறவிட்டால் அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சட்டம் கேட்டது. எந்தச் சட்டத்தையும் கொண்டாடுவதற்கு முன், மீறினால் என்ன நடக்கும் என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள்.

மாணவர் குழுக்களின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டில் எல்லோரும் படிப்பை முடித்துப் போய்விடுகிறார்கள், அரசியல்வாதி அங்கேயே இருக்கிறார். அதனால் முதல் சந்திப்பிலிருந்தே ஒரு கோப்பு வையுங்கள். எம்.பி. எப்போது என்ன சொன்னார், எந்த உதவியாளர் எதைக் கவனிக்கிறார், எந்தக் கேள்விக்கு என்ன பதில் அனுப்பினோம், அடுத்த கொடை மாநாடு எப்போது, எந்த வாக்குறுதி இன்னும் பாக்கி, எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி ஆண்டு மாணவர்கள் போகும்போது கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், இளையவர்களை ஒரு சந்திப்புக்காவது அழைத்துப் போய் அந்த உதவியாளருக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும். அந்தச் சந்திப்பில் கோரிக்கையை இளையவர்களே வைக்கட்டும்.